பதினேழு தடவை இழுத்த கயிறு

“பட்ட அவுத்துப் போடுளா. நூல் பொடவையக் கட்டு. பட்டு கட்டிக்கிட்டு எவளாவது மடிப்பிச்சைக்குப் போவாளா?”

அருணாசலவடிவு ஒரு வெளுத்த மஞ்சள் நூல்புடவையைக் கட்டிலின் மேல் எறிந்தாள். செல்லக்கனி அதைத் தொடாமல் நின்றாள். அவளுக்கு வயது பத்தொன்பது. மாமியார் என்று பேர்தானே தவிர, அருணாசலவடிவு அவளுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அந்த உறவுதான் அவளை இந்த வீட்டுக்குள் பிடித்துத் தள்ளியது.

“காதுல கெடக்குறதையும் கழத்து. தாலி மட்டும் வெளிய தெரியட்டும். மொகத்துல மஞ்சள நல்லா அப்பிக்கோ. தலை நெறையப் பூ வை. பாக்குறவளுக்கு, ‘ஐயோ, இந்தப் பச்சப்புள்ள நாளைக்கு இதெல்லாம் இல்லாம நிக்கணுமா’ன்னு வயிறு கலங்கணும். கேட்டியா?”

“நான் வரல அத்தை.”

அருணாசலவடிவு கோபப்படவில்லை. கோபப்பட அவளுக்கு நேரமில்லை. வாசலில் கார் நின்றது. அதன் முன் சீட்டில் வக்கீல் குமாஸ்தா, தயாராக எழுதிய ஒரு காகிதத்தையும் கைநாட்டு வாங்குகிற மைப்பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“வரலையா? சரி. வராட்டா என்ன ஆகும்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒரு மாசத்துல அவனத் தூக்குல போட்டுருவாவ. பதினாறு அன்னைக்கு ஒன்னக் கூடத்துல உக்காத்தி வச்சு பூவ எடுப்பாவ, பொட்ட அழிப்பாவ. எடுக்குறதுல மொத கை என் கையாத்தான் இருக்கும். சம்மதமா?”

செல்லக்கனி புடவையை எடுத்துக்கொண்டாள்.

செந்தூர்பாண்டி கேஸ் என்றால் எழுபத்தைந்தில் தூத்துக்குடியில் தெரியாத ஆள் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் முதல் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள் வரைக்கும் அதுதான் பேச்சு. உப்பள முதலாளி பேச்சிமுத்துவுக்கு ஒரே மகன் செந்தூர்பாண்டி. அவன் கூட்டாளி தேவபிரசாதம், கப்பல் ஏஜெண்டு வீட்டுப் பையன். இரண்டு பேரும் காலேஜில் படித்தார்கள். வீட்டில் கார், கையில் வெளிநாட்டுக் கடிகாரம், வாயில் இங்கிலீஷ். பசி, கடன், பகை, ஒரு மண்ணும் கிடையாது. மனுஷன் ஏன் கொலை செய்வான் என்று ஊர் வழக்கமாகச் சொல்லுகிற எந்தக் காரணமும் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ஊர் அதைப் பற்றி அவ்வளவு பேசியது.

மாசி மாதத்தில் ஒரு பகல் பொழுது. சங்கு குளிக்கிற மனுவேல் என்கிற இருபது வயதுப் பையனை இருவரும் தேடிப் போனார்கள். அந்தக் காலத்து முத்துக்குளி எப்படி என்று பார்க்க வேண்டும், செய்து காட்டு என்றார்கள். கடைசி முத்துக்குளி நடந்து அப்போது பதினாலு வருஷம். இப்போதெல்லாம் சங்குக்குப் போகிறவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாங்களே இறங்கித் தாங்களே ஏறிவிடுகிறார்கள். பழைய முறை வேறு. காலில் கல் கிடக்கும், அது சரசரவென்று ஆளைக் கடலடிக்குக் கொண்டுபோய் விடும். இடுப்பில் ஒரு கயிறு. மூச்சு முட்டும்போது குளிக்கிறவன் காலைக் கல்லிலிருந்து உருவிக்கொண்டு கயிற்றை இழுப்பான். வள்ளத்தில் இருக்கிறவன் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும்.

மனுவேல் செத்துப்போன தன் அப்பாவின் கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். கல்லை அவன் காலில் கட்டியவன் செந்தூர்பாண்டி, என்.சி.சி.யில் கற்றுக்கொண்ட முடிச்சு, உதற உதற இறுகுகிற முடிச்சு. இடுப்புக் கயிற்றைப் பிடித்தவனும் அவனே. மனுவேல் பிணமாகத்தான் கரைக்கு வந்தான்.

‘கயிற்றை இழுத்தால் தூக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது’ என்று இருவரும் ஒரே வாயாகச் சாதித்தார்கள். கோர்ட் நம்பவில்லை. முடிச்சு இருந்தது. காலேஜ் நோட்டில் முதல்நாளே இங்கிலீஷில் எழுதிவைத்த ஒரு வரியும் இருந்தது. ஒருவன் மூன்று நிமிஷம் என்று எழுதியிருந்தான், மற்றவன் நான்கு. மனுஷன் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று பந்தயம்! தேவபிரசாதத்துக்கு ஆயுள் தண்டனை. முடிச்சுப் போட்ட செந்தூர்பாண்டிக்குத் தூக்கு. மேல்கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. இனி மிச்சம் கருணை மனு ஒன்றுதான்.

இதில் செல்லக்கனி எங்கே வந்தாள் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா அய்யாக்குட்டிக்குக் குலசேகரன்பட்டினத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. அக்கா வீட்டுத் தயவில் வைத்த கடை. அவர் தூத்துக்குடிக்கு வந்தால் அக்கா வீட்டில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் பின்வாசலில். ஒருதடவை, “பாண்டிக்கும் நம்ம செல்லக்கனிக்கும் முறை இருக்குல்லாக்கா” என்று வாய்விட்டுவிட்டார். “முறையாம் முறை! எம்மவனுக்கு மதுரையில மில்லுக்காரர் வீட்டுல பொண்ணு பாக்கோம். நீ போயி கருப்பட்டிச் சாக்க எறக்கு” என்று அக்காக்காரி முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாக்கை இறக்கியதைச் செல்லக்கனி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அப்புறம் கேஸ் வந்தது. மில்லுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். செந்தூர்பாண்டி ஜாமீனில் வெளியே வந்திருந்தபோது வக்கீல் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் இளம் மனைவி இருக்கிறாள் என்றால் தண்டனை எழுதுகிற கை கொஞ்சம் தயங்கும் என்றார். அடேயப்பா, அன்றைக்கு வந்தது பாருங்கள் முறை மேல் பாசம்! தாம்பூலத் தட்டோடு கார் குலசேகரன்பட்டினத்துக் கடை வாசலில் போய் நின்றது. அய்யாக்குட்டி ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் சரி என்றார்.

“முறை கேட்டு வந்து நிக்கிறவளை முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா மக்கா? சொன்னா கடை இருக்குமா? நாமதான் இருப்போமா?”

மகளுக்குச் சம்மதமா என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. திருச்செந்தூரில் தாலி கட்டு. அன்றைக்குச் சாயங்காலமே ஏழெட்டு வெற்றுக் காகிதங்களில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இருபத்துமூன்று நாள் குடித்தனம். இருபத்துநான்காம் நாள் தீர்ப்பு.

அந்த இருபத்துமூன்று நாளில் ஒரு மத்தியானம். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் மனசுக்குள் கிடந்து அரித்ததைக் கேட்டுவிட்டாள்.

“நெசமாவே தெரியாமத்தான் நடந்துச்சா அத்தான்?”

செந்தூர்பாண்டி மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சிரித்தான். “அது கோர்ட்டுக்குச் சொன்னது. ஒனக்கென்ன, பொண்டாட்டிதான? பதினேழு தடவ இழுத்தான். நான் எண்ணுனேன். மொதல்ல நல்ல பலமா, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா. நாலு நிமிசம். தேவபிரசாதம் தோத்துட்டான்.”

“ஏன் அத்தான்?”

“ஏன்னா? சும்மாத்தான். எப்படி இருக்கும்னு பாக்கத்தான். கொழம்ப ஊத்து.”

ஊற்றினாள். அதுதான் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை. கரண்டி தவறவில்லை, கேட்டதும் ஊற்றினாள்.

கார் கடற்கரைத் தெருவின் முனையிலேயே நின்றது. அருணாசலவடிவின் ஏற்பாடு. காரில் போய் இறங்கினால் பிச்சை மாதிரி இருக்காது. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நடந்தார்கள். குமாஸ்தா குடையோடு பின்னால் வந்தார். அத்தையின் கையில் ஒரு செம்பு தண்ணீர், வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. தன் மகன் உயிரைக் கேட்டு வாங்கலாம், தப்பில்லை. அந்த வீட்டுத் தண்ணீரைத்தான் வாயில் வைக்கக் கூடாது.

மனுவேலின் தாய் அமலோற்பவம் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். மூத்த மகள் ஆக்னஸ் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஆக்னஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“தாயே!” என்று அருணாசலவடிவு தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரல் எடுத்தாள். நேற்றுவரை அவள் வாயில் இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் மீன்காரிகள். “தாயே, எம்மருமவ பூவும் பொட்டும் ஒங்க கையில இருக்கு. தெரியாம நடந்துபோச்சு. மாங்கல்யப் பிச்சை போடுங்க தாயே! ஏளா, மடிய ஏந்துளா!”

செல்லக்கனி மண்டியிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள். வெயிலில் தரை முழங்காலைச் சுட்டது. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். “பாவம், சின்னப் புள்ள” என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உள்ள வாங்கம்மா. நடுத்தெருவுல எதுக்கு?”

உள்ளே ஒரே அறை. சுவரில் மாதா படம், பக்கத்தில் மனுவேலின் படம். குமாஸ்தா காகிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார். ‘என் மகன் மரணம் அறியாமையால் நேர்ந்தது என்று நம்புகிறேன். இந்தப் பெண்ணின் மாங்கல்யத்தை முன்னிட்டு மன்னிக்கிறேன்.’ கீழே ஒரு கைநாட்டு வைத்தால் போதும்.

அமலோற்பவம் காகிதத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எங்க வீட்டுக்காரவ முத்துக்குளிக்கப் போறப்ப கயித்த எங்க அண்ணந்தான் புடிப்பான். இந்தக் கடக்கரையில பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் கயித்தக் குடுப்பாவ. தங்கச்சி வாழ்வு அந்தத் தண்ணிக்குள்ள கெடக்குல்லா, அவன் கண்ணு அசராது. எம்மவனுக்குக் கல்யாணம் ஆவல. மச்சான்னு யாரும் இல்ல. படிச்ச புள்ளைக, பெரிய வீட்டுப் புள்ளைக, கவனமாப் பாத்துக்கிடுவாகன்னு நம்பிக் குடுத்துட்டான்.”

“தெரியாமச் செஞ்சிட்டான் தாயே” என்றாள் அருணாசலவடிவு.

“எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. மாதா கோயில் சாமியாரும் மன்னிக்கிறது நல்லதுன்னு சொன்னாரு. கோர்ட்டுல பேசுனது பூரா இங்கிலீசு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. தெரியாம நடந்ததுதான்னா நான் கைநாட்டு வைக்கேன். எனக்கும் உறக்கம் வரும்லா? ஒண்ணரை வருசமா உறக்கம் இல்ல.” அவள் செல்லக்கனியின் முன்னால் வந்து உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கருவாட்டு வாடை அடித்தது. “நீ அவன்கூட இருந்தவ. நான் வேற யாரையும் கேக்கல, ஒன்னத்தான் கேக்கேன். ஒன் தாலியத் தொட்டுச் சொல்லு மக்கா. தெரியாமத்தான் செஞ்சானா?”

அருணாசலவடிவு மருமகளின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். சொல்லுளா என்று அர்த்தம்.

‘ஆமா’ என்று ஒரு சொல் போதும். இந்தத் தாய் இன்றைக்குத் தூங்குவாள். அவன் கழுத்து தப்பும். அப்பாவின் கடை தப்பும். தன் பூவும் பொட்டும் தப்பும். அந்த ஒரு சொல்லால் கெட்டுப்போகிறவர்கள் யாரும் இல்லை, செத்தவனைத் தவிர. தாலி கட்டிய நாளிலிருந்து செல்லக்கனியை உட்கார் என்றார்கள், எழுந்திரு என்றார்கள், கையெழுத்துப் போடு என்றார்கள், மண்டியிடு என்றார்கள். அவளுக்குத் தெரிந்தது என்ன என்று ஒருத்தர் கேட்டதில்லை. கேட்டது இந்த ஒருத்திதான். இவளிடம் போய்ப் பொய் சொல்லுவதா?

“இல்லம்மா” என்றாள். “தெரியும்.”

“ஏளா!”

“ஒங்க மவன் பதினேழு தடவ கயித்த இழுத்தாவளாம். அத்தான் எண்ணிக்கிட்டே இருந்தாவளாம். எங்கிட்ட அவிய வாயாலயே சொன்னாவ. சும்மா, எப்படி இருக்கும்னு பாக்கத்தான்னு சொன்னாவ.”

அருணாசலவடிவின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. “அடிப் பாவி! ஒன் தாலிய ஒன் வாயாலயே அறுத்துட்டியே!”

குமாஸ்தா மைப்பெட்டியை மூடினார்.

“பதினேழா?” என்றாள் அமலோற்பவம்.

“ஆமாம்மா.”

“கடைசிவரைக்கும் இழுத்தானா?”

“இழுத்தாவளாம்.”

“அப்ப கடைசிவரைக்கும் தூக்கிருவாகன்னு நெனச்சிருக்கான்” என்றாள் அமலோற்பவம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினாள். “ஆக்னஸ், இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு வறண்டு கெடக்கு.”

ஆக்னஸ் ஈயச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். செல்லக்கனி அத்தையின் கண் முன்னாலேயே அதை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“காயிதத்தக் கொண்டுபோங்க அண்ணாச்சி” என்று குமாஸ்தாவிடம் சொன்னாள் அமலோற்பவம். பிறகு அருணாசலவடிவின் பக்கம் திரும்பினாள். “இந்தப் புள்ள மேல இனி கை வச்சீங்கன்னு கேள்விப்பட்டா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். ஆமா.”

கை வைக்கவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார்கள். அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. சமையல்காரி சோற்றை வைத்துவிட்டுப் போவாள். குலசேகரன்பட்டினத்திலிருந்து அய்யாக்குட்டி ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். “ஒனக்கு என்னளா கேடு வந்துச்சு? ஒரு ஆமா சொன்னா ஒன் வாய்ல இருந்து முத்தா கொட்டிரும்? எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!” என்று அழுதார். அவளுக்கும் அழுகை வந்தது. ராவும் பகலும் பயம் வேறு. சொன்னது சரிதான் என்று தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன? விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், இன்னும் எத்தனை நாளோ என்று.

ஐந்து மாதம் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தூக்கு ரத்து, ஆயுள் தண்டனை. குற்றவாளியின் இளம் வயதையும் பத்தொன்பது வயதே ஆன அவன் மனைவியின் பரிதாப நிலையையும் கருதி என்று அதில் எழுதியிருந்தது. கல்யாணத்தன்று சாயங்காலம் வாங்கிய கையெழுத்துகளில் ஒன்று கருணை மனுவின் அடியில் இருந்தது. அமலோற்பவத்தின் கைநாட்டு இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம். அருணாசலவடிவு தெருவெங்கும் ஆள் விட்டுச் சொன்னாள். ஐந்து மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள் மருமகளைக் கட்டிக்கொண்டாள். “எம்மருமவ தாலி பாக்கியம்லா! காருல போகாம, செருப்பில்லாம, சுடுமணல்ல நடந்து போயி மடியேந்துனா. கடக்கரைத் தெருவே கண்ணீர் விட்டுச்சு. அந்த ஆத்தா மனசு எளகி, போ மக்கா, நீ நல்லா இருப்பன்னு கையெடுத்து ஆசீர்வாதம் பண்ணா.” கிள்ளியது, அடித்தது, ஆக்னஸ் கொடுத்த தண்ணீர், ஒன்றும் அந்தக் கதையில் இல்லை. ஊர் இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. தூக்குமேடை வரைக்கும் போன புருஷனை மீட்டுக்கொண்டு வந்த பத்தினி தூத்துக்குடியிலேயே இருக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா?

வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். செல்லக்கனி கையால் ஒரு துளி குங்குமம் வாங்கிக்கொண்டால் தாலி நிலைக்கும் என்று பேச்சு. முதலில் வந்தவளிடம் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

“நான் ஒண்ணும் காப்பாத்தலக்கா. அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிட்டு வந்தேன். வேணும்னுதான் கொன்னாவன்னு சொன்னேன்.”

வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எம்மாடி, என்ன அடக்கம், என்ன அடக்கம்! செஞ்சதச் சொல்லிக்கிடக் கூட மனசு வரலையே!”

அதற்குப் பிறகு செல்லக்கனி சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். குங்குமத்தையும் கொடுக்கவில்லை. அருணாசலவடிவே அவள் சார்பில் கொடுத்தாள்.

வைகாசி பிறந்து இரண்டாவது வெள்ளி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு தாய் தன் மகளோடு வந்திருந்தாள். பெண்ணின் பெயர் பேச்சி. அடுத்த புதனில் கல்யாணம். குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு தாய் கெஞ்சினாள்.

“ஒன் கையால வச்சுவிடும்மா. ஒனக்கு வாச்ச தாலி பாக்கியம் எம்மவளுக்கும் வாய்க்கட்டும்.”

செல்லக்கனி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பதினெட்டு வயது இருக்கும். புதுப்புடவை மடிப்புக் கலையாமல் நின்றாள். செல்லக்கனி தட்டை வாங்கிக்கொண்டாள். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

“மாப்ள எப்படிப்பட்டவரு?” என்று கேட்டாள்.

“நல்ல எடம்மா” என்றாள் தாய். “சொந்தந்தான். முறை.”

“ஒங்களக் கேக்கல. ஏளா பேச்சி, ஒனக்குத் தெரியுமா?”

பெண் தாயைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “தெரியாதுக்கா. யாரும் சொல்லல.”

“நீ கேட்டியா?”

பேச்சி இல்லை என்று தலையாட்டினாள். செல்லக்கனி தட்டைத் திருப்பி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள்.

“போயி கேட்டுட்டு வா. கேட்டுட்டு, ஒனக்குச் சம்மதம்னா வா. அப்ப வச்சுவிடுதேன்.”

“புருசன் பிரிவுல அவளுக்கு மூள ஒரு நெலையில இல்ல, தப்பா நெனச்சிராதீங்க” என்று அருணாசலவடிவு பதறிக்கொண்டு வந்தாள். தாய் மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததே தப்பு என்று முணுமுணுத்தாள். தெருவில் இறங்கியதும் பேச்சி மெதுவாகக் கேட்டாள்.

“எம்மா, அவரு எப்படிப்பட்டவரும்மா?”

“வாய மூடிக்கிட்டு நட.”

பேச்சி நடக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் கேட்டாள்.